கைக்கயிறு

இருட்டிக்கொண்டு வரும் நேரம். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து மரங்கள்... பகலிலேயே வெயில் தரையில் விழாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வேன். உள்ளே என் நண்பனுடைய அக்காவும் அவள் புருஷனும். கதை விடுகிறான் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அக்கா இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

புருஷன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பவன். சுவரோடு ஒட்டிக்கொண்டு தொங்குவதால் அவனுக்குப் பல்லி என்றே பெயர். அக்கா மொட்டைமாடியில் நிற்பாள். அவன் இடுப்பில் மாட்டிய கைக்கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருக்கும். காற்றில் கத்தினால் கேட்காது, அதனால் கயிறுதான் பேச்சு. இரண்டு இழுப்பு என்றால் 'நல்லா இருக்கேன்'. மூன்று என்றால் 'மேலே தூக்கு'. எது வந்தாலும் அவள் திருப்பி இழுத்தே ஆக வேண்டும். 'பிடிச்சிருக்கேன், விட மாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். பல்லியின் உயிரே அந்தப் பதிலை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி முதல் முறையாக ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். காட்டுக்குள் வேனை ஒதுக்கிக் கூடாரம் போட்டார்கள். எங்கே பார்த்தாலும் அழுகிய இலை வாடை... கால் வைத்தால் மண் மெத்தென்று உள்வாங்கியது. தண்ணீர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று பல்லி கிளம்பினான். பழக்க தோஷம், கைக்கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு மறுமுனையை அவளிடம் நீட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் மரங்களுக்குள் போய் மறைந்தது.

ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. கயிறு மட்டும் சருகுகளின் மேல் சர்... சர்... என்று நகர்ந்தது. நின்றது.

இரண்டு இழுப்பு.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. திருப்பி இழுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. அதற்கும் இழுத்தாள். மறுபடி... இவனுக்கு விளையாட்டுப் புத்தி போகவே போகாது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இழுத்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால், வேன் பக்கமிருந்து, டார்ச் வெளிச்சம். தண்ணீர் கேனோடு பல்லி வந்துகொண்டிருந்தான்.

"இன்னும் எதுக்குக் கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கிற? நீளம் பத்தலைன்னு அப்பவே கழட்டிப் போட்டுட்டேனே. ரோட்டு வழியா சுத்தி வர்றேன்."

அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். "இழுத்துச்சே..."

பல்லி சிரிக்கவில்லை. "நீ பதில் குடுத்தியா?"

"குடுத்தேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள், இரண்டு பேர் கண்ணெதிரே, சருகில் கிடந்த கயிறு விறைத்து மேலே எழும்பியது. ஒன்று... இரண்டு... மூன்று.

பல்லி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேனை விரட்டினார்கள்.

கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லை. கேளுங்கள்.

ஊருக்கு வந்ததும் புதுக் கயிறு வாங்கினார்கள். அக்காவுக்கு ஒரே பயம்தான்... இழுப்பது யாரென்று தெரியாவிட்டால் இவனை எப்படிக் காப்பாற்றுவது? காடு காட்டிலேயே இருக்கிறது, நாம் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பல்லி தேற்றினான்.

முதல் நாள் வேலை ஒழுங்காகவே முடிந்தது. பட்டப்பகல், நல்ல வெயில். பல்லி மேலே ஏறி வந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். கயிற்றைக் கழற்றிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். வெறும் கயிற்றை மேலே இழுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

பாதியில் கனத்தது.

சுவருக்கு வெளியிலிருந்து அழுகிய இலை வாடை வந்தது. பிறகு மெதுவாக... ஒன்று... இரண்டு... மூன்று.

பழக்க தோஷம். அவள் கை தானாகவே திருப்பி இழுத்துவிட்டது.