பைலட் பேரு எழுதுற கட்டம்

— இந்த ஃபாரத்துல இருக்கற கையெழுத்து உங்களுதுதானே? பாத்து சொல்லுங்க.

— ஆகு தல்லி, கொஞ்சம் இரு, கண்ணாடிய எங்க வெச்சேன்... ஆமா, என்னுதே. ஊரு முன்சீப்பா இருந்தப்ப, அறுபத்து நாலுல போட்டது. நீ யாரு பொண்ணும்மா?

— லோயிஸ் பொண்ணு, ஜெயகுமாரி. சித்தூர்லேர்ந்து வரேன். உங்க கொல்லையில கிளைடர் எறக்கினாங்களே, அவங்க பொண்ணு.

— அட தேவுடா! இஞ்சினே இல்லாத ஏரோப்ளேனு! சத்தமே இல்லாம வந்து மல்லாட்ட பயிர் போட்ட கொல்லையில குந்திச்சே. நகரி ஊரே ஓடியாந்திச்சு. அம்மா சௌக்கியமா?

— போன மாசம் போய்ட்டாங்க.

— அய்யய்யோ.

— அய்யய்யோ அப்பறம் சொல்லலாம். மொதல்ல இந்த கட்டத்த படிங்க. பைலட்டு, பிரகாசம். பிரயாணி, லோயிஸ். நியாயமா இது? முன்சீட்டுல குந்திக்கினு ஓட்டினவங்க எங்கம்மா. பின்னால சும்மா குந்தியிருந்தவரு எங்க நைனா. அம்மா நோட்டுல அவங்க கையாலயே எழுதி வெச்சிருக்காங்க, பொட்டியில இப்பதான் கெடச்சிது.

— சூடு தல்லி, இங்க பாரு, கோவப்படாத...

— படாம? எறங்கின எடத்துல முன்சீப்பு எழுதிக் குடுக்கறதுதான் சாட்சியாம். அத நம்பி, அதிக தூரம் பறந்ததுக்கான அந்த வருஷ கப்ப நைனாவுக்கு குடுத்துட்டாங்க. அப்பறம் அம்மா ரெண்டு தரம் சாம்பியன் ஆனாங்க, ஆனா அவ்ளோ தூரம் அவங்களாலயே மறுபடி போவ முடியல. இப்ப கிளைடர் கிளப்புல ரெக்கார்டு போர்டு மாட்டறாங்களாம். அதுலயும் பிரகாசம்! பொம்பளயாவது ஓட்டறதாவதுன்னு உங்களுக்கு எளக்காரம். பேண்ட்டு போட்டவரு பேர எழுதிட்டீங்க.

— நைனா என்னா சொல்றாரு?

— வாயத் தெறந்தாதானே! கேட்டா எழுந்து சர்ச்சுக்கு போய்டறாரு. பொண்டாட்டி கப்ப இருவது வருஷமா அலமாரியில வெச்சிக்கினு இருக்காரு, வெக்கங்கெட்ட மனுசன்.

— அவர திட்டாத.

— சரி, உங்களயே திட்டறேன். இந்தாங்க பேப்பரு. ‘தப்பா எழுதிட்டேன்’னு எழுதிக் குடுங்க.

— முன்சீப்பு உத்தியோகத்தையே சர்க்காரு எடுத்துடுச்சி தல்லி, என் எழுத்துக்கு இப்ப என்னா மதிப்பு? அதுவுமில்லாம நான் தப்பா எழுதல. மொத ஃபாரத்துல உங்கம்மா பேருதான் எழுதினேன். அத புடுங்கி கிழிச்சுட்டாங்க.

— பாத்தீங்களா! நைனாதானே?

— உங்கம்மா.

— பொய்! எங்கம்மா எதுக்கு கிழிக்கணும்?

— நைனா கையப் புடிச்சிக்கினு கெஞ்சினாரு, ‘வேணாம் லோயிஸ், இது உன்னுது’ன்னு. அவங்க கேக்கல. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்த மனுசன் கிட்ட சத்தியம் வாங்கினாங்க, கூடவே எங்கிட்டயும்.

— ஏன்யா? ஏன்?

— ‘முன்சீப்பு காரு, எனக்கு நாலு மாசம். புள்ள பொறந்ததும் மாசத்த எண்ணி கணக்கு போடுவாங்க. பைலட்டுன்னு இருந்தா, வயித்துல புள்ளயோட ஓட்டினேன்னு லைசென்ஸ புடுங்கிடுவாங்க, அப்பறம் என்னிக்குமே ஏற விடமாட்டாங்க. பிரயாணின்னா யாரும் கேக்கமாட்டாங்க’ன்னாங்க. ... அது நடந்தது மே மாசம். அந்த வருஷ அக்டோபர்ல பொறந்தவதானே நீ?

— ஆமா. அப்ப வயித்துல இருந்தது நானா?

— தல்லி? தண்ணி குடிக்கிறியா?

— வேணாம். எழுதுங்க. நாலு மாசம்ன்றதையும் சேத்து எழுதுங்க. இப்ப வந்து புடுங்கட்டும் அந்த லைசென்ஸ.