எனக்கு மட்டும் தட்டாத ஸ்பூன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சலவைக்கடை முதலாளி அவர்களே, அவருக்குப் பக்கத்தில், குடும்பத்தார் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், கேக் கடை நடத்தும் கேக்கம்மா அவர்களே, தலை நிமிராமல் இருக்கும் என் தம்பியே, சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் படித்தவர்களே, படித்துக்கொண்டிருப்பவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மேலே ஆண்டவன் இருக்கிறான். இங்கே படமாக அவள் இருக்கிறாள். அந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் பொய் பேசப் போவதில்லை.

நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இந்த நாட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை மாற்றுகிறவள். ஆனால் இங்கே பேச எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? நீங்கள் எல்லாரும் ஸ்பூன் டீச்சர், ஸ்பூன் டீச்சர் என்கிறீர்களே, அவள் என் தம்பி மனைவி. உங்களுக்கு டீச்சர் ஆவதற்கு முன்னால் எனக்கு உறவு.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் பேசினீர்கள். ஆனால் என்ன பேசினீர்கள்? பஸ் ஓட்டுகிறவர் வந்தார், தான் வாயைத் திறந்தவுடனே டீச்சர் ஸ்பூனால் டம்ளரில் தட்டுவார் என்றார். மருந்துக்கடைப் பெண் வந்தாள், தனக்குத் தட்டித் தட்டியே கண்ணாடி டம்ளரில் கீறல் விழுந்தது என்றாள். கேக்கம்மா ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரே ஒரு வாக்கியத்துக்காகத் தட்டு வாங்கியதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு பதக்கம் மாதிரி எடுத்துக் காட்டினீர்கள். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதேன். இந்த அம்மா எதற்கு அழுகிறாள் என்று யாராவது நினைத்தீர்களா? வயிற்றெரிச்சலில் அழுதேன்.

பின்வரிசையில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு இந்த வகுப்பைப் பற்றித் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் தம்பி மனைவிக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. பெட்டி உடைந்தது, பெட்டி வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவாள். நம்முடைய முதலாளி, கடைக்கு வர வேண்டிய துணி மாட்டும் கொக்கிப் பெட்டி ஒன்று காணாமல் போனதற்கு அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோபமாகத்தான் எழுதினார். ஆனால் படித்தால், பெட்டியைத் தொலைத்தவரும் இவர்தான், மன்னிப்புக் கேட்பவரும் இவர்தான் என்று அர்த்தம் வருகிற மாதிரி எழுதியிருந்தார். அவள் பெட்டியைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டு, கூடவே, "உங்களை நான் மன்னித்துவிட்டேன்" என்று எழுதி அனுப்பினாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நேரே போய், கடை மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, எனக்கும் என் ஆட்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வகுப்பு. கீழே இஸ்திரி போடும் ஆவி பலகைச் சந்து வழியாக மேலே வரும். ஆடுகிற நாற்காலிகள். ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, மேஜைமேல் அவளுடைய தேநீர், டம்ளருக்குள் ஒரு ஸ்பூன். யாராவது எழுந்து இங்கிலீஷில் பேச வேண்டும். தப்பு வந்தால் அவள் ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருப்பவரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேசியவர் தானே யோசித்து, முதலிலிருந்து சொல்ல வேண்டும். மறுபடி தப்பு வந்தால் மறுபடி தட்டு. சரியாக வந்துவிட்டால் யாரும் கை தட்ட மாட்டார்கள், அடுத்த ஆள் எழுந்துவிடுவார். எழுத்துக்கும் அதேதான். நீங்கள் எழுதியதை நீங்களே உரக்கப் படிக்க வேண்டும், அவள் தேநீர் குடித்துக்கொண்டே தட்டுவாள்.

யாருக்குத் தட்டவில்லை அவள்? கடை கொடுத்த முதலாளிக்குத் தட்டினாள். வயதில் மூத்தவர்களுக்குத் தட்டினாள். கட்டிய புருஷனுக்கே தட்டினாள். எனக்கு மட்டும் தட்டவில்லை.

நான் எதற்குப் போனேன்? எங்கள் வார்டில் மேற்பார்வை வேலை ஒன்று காலியானது. குனிந்து படுக்கை மாற்ற வேண்டாம், மற்றவர்களை வேலை வாங்கினால் போதும். என் இடுப்புக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் நேர்காணலில் மூன்று பேர் முன்னால் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும், வார்டில் நடந்ததை எழுதிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

எழுந்து நின்று பேசினேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அடை மழை மாதிரி பேசினேன். ஸ்பூன் அசையவில்லை. அடுத்த வாரமும் அசையவில்லை. எனக்கு அடுத்து கேக்கம்மா எழுந்தார். கடையில் போன் அடித்தால் அடுப்புப் பக்கம் ஓடி ஒளிகிறவர் அவர். அவர் வாயைத் திறந்தால் டங், மூடினால் டங். பாவம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று, எனக்கு இப்படி ஒரு நாக்கைக் கொடுத்தாயே என்று நன்றி சொன்னேன். வார்டில் எல்லாரிடமும் சொன்னேன். என் தம்பி மனைவிகூட என்னிடம் ஒரு குறை காண முடியவில்லை என்று சொன்னேன்.

நேர்காணலில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா நல்லவர். நான் பேசப் பேசப் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, உங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே பேசுகிறீர்களா, சொல்லிப் புரியவைக்க ஒரு ஆளை வரவழைக்கிறோம் என்றார். அதுவரைக்கும் நான் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

வேலை வேறு ஒருத்திக்குப் போனது என்று ஒரு சனிக்கிழமை வார்டில் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சலவைக்கடை மாடிப்படி ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கேக்கம்மா நின்றுகொண்டு, போனில் ஒரு ஆளோடு கேக்குக்காகச் சண்டை போட்டதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். நீளமாகச் சொன்னார். ஒரே ஒரு இடத்தில்தான் தட்டு விழுந்தது. எல்லாரும் போகும் வரைக்கும் காத்திருந்து கேட்டேன்.

"ஏம்மா, எனக்கு ஏன் தட்டல?"

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீங்க இவரோட அக்கா. நாலு பேரு முன்னாடி உங்களத் தட்ட எனக்குக் கை வரல அண்ணி."

"கேக்கம்மாவுக்கு மட்டும் வருதா?"

"அவங்க எனக்கு யாரும் இல்லையே. தப்புன்னா தட்டுவேன், சரின்னா விடுவேன். கல்யாணம் ஆன புதுசுல உங்கள ஒரே ஒரு வார்த்தை திருத்தினேன். ஆறு மாசம் நீங்க எங்கிட்டப் பேசல."

ஆறு மாதம் எல்லாம் இல்லை. அந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும்தான். என் தம்பி இங்கேதான் இருக்கிறான், அவனையே கேளுங்கள். அதற்காக ஒருத்தி இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொள்வாளா? கட்டிக்கொண்டாள்.

இனிமேல் எனக்கும் தட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு சனிக்கிழமை நான் எழுந்தேன். பேசினேன். என் கண் முழுக்க அந்த ஸ்பூன்மேல்தான். அது எழும்பியது. டம்ளர் வரைக்கும் வந்தது. அங்கே வந்து அப்படியே திரும்பித் தேநீரைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை போடாத தேநீரை அவள் கலக்குகிறாள், கலக்குகிறாள், நான் பேசி முடிக்கிற வரைக்கும் கலக்குகிறாள். பின்னால் மருந்துக்கடைப் பெண் சிரித்தாள். நீ இல்லையென்று சொல்லாதே, நீதான் சிரித்தாய்.

அதிலிருந்து எனக்குக் கேக்கம்மாவைக் கண்டால் ஆகவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. என் வீட்டுப் பெண் எனக்குக் கொடுக்க வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். அந்த ஸ்பூன் தொலைந்து போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். முதலாளி புது ஸ்பூன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பழையது தொலைந்ததற்கு நான் பொறுப்பில்லை, வேண்டிக்கொண்டது மட்டும்தான் நான்.

அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. ஆண்டவன் கணக்கைப் பாருங்கள், என் வார்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்தான் அவளுக்குப் படுக்கை மாற்றினேன். நான்தான் துடைத்துவிட்டேன், தலை வாரிவிட்டேன். கேக்கம்மா சாயங்காலம் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக் கதையை இங்கிலீஷில் சொல்வார். இவள் கையில் ஊசி ஏறியிருக்கும். அந்தக் கையாலேயே, மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவாள். எழுந்து உட்கார முடியாதவளுக்குக் கேக்கம்மாவுக்குத் தட்ட மட்டும் தெம்பு வந்துவிடும். நான் பக்கத்துக் கட்டிலுக்கு உறை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் வார்டு. என் தம்பி மனைவி. தட்டு அவருக்கு.

ஒரு மத்தியானம் அவளுக்கு வலி தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். புதிதாக வந்த நர்ஸுக்கு நம் மொழி தெரியாது, எப்படி இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் படபடவென்று சொன்னேன். நர்ஸ் தலையை ஆட்டினாள், சந்தோஷமாகச் சிரித்தாள், அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினாள்.

டங்.

கட்டில் கம்பி. அவள் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் தூக்கியிருந்தது. நர்ஸ் நின்றாள். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டேன். யோசித்து, முதலிலிருந்து சொன்னேன். டங். மறுபடியும் யோசித்தேன். வாழ்க்கையில் நான் பேசுவதற்கு முன்னால் யோசித்தது அன்றைக்குத்தான். மூன்றாவது தடவை சொன்னேன். கை எழும்பவில்லை. நர்ஸ் முகம் மாறியது, ஓடிப்போய் ஊசியோடு வந்தாள். வலி போய்விட்டது என்றுதான் முதலில் நான் சொல்லியிருந்தேனாம். வலி போகவே இல்லை என்பது அப்புறம்தான் நர்ஸுக்குப் புரிந்தது.

வலி கொஞ்சம் இறங்கிய பிறகு, "இப்ப சரி அண்ணி" என்றாள்.

என்னிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். உங்களுக்கு எல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாளே, எனக்குக் கொடுத்தது அந்த இரண்டு தட்டுதான். அதையும் அவள் வலியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சொல்லுங்கள், நான் பொறாமைப்படாமல் இருக்க முடியுமா?

இன்றைக்கு இந்த மேஜையில் படத்துக்குக் கீழே டம்ளரும் ஸ்பூனும் வைத்திருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமையிலிருந்து வகுப்பைக் கேக்கம்மா நடத்துவார் என்று முதலாளி நேற்றே சொன்னார். ஸ்பூனை எடுத்து அவர் கையில் கொடுத்தது யார்? என் கூடப் பிறந்தவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இங்கே வந்து, இது குடும்பச் சொத்து, எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் புறப்பட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்து, நீங்கள் எல்லாரும் பேசியதைக் கேட்டேன். ஸ்பூனை நான் வாங்கிக்கொண்டு போனால் எனக்கு யார் தட்டுவார்கள்?

கேக்கம்மா, நிமிர்ந்து பாருங்கள். ஸ்பூனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள்மேல் இருக்கிற பொறாமை இன்றைக்கும் குறையவில்லை, சாமி குறைத்தால்தான் உண்டு. ஆனால் நீங்கள் எனக்கு அக்கா இல்லை, தங்கச்சி இல்லை, சம்பந்தி இல்லை. நீங்கள் எனக்கு யாரும் இல்லை. அதனால் உங்களுக்குக் கை வரும்.

அந்த மேற்பார்வை வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். அது வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் மாடிப்படி ஏறுவேன், முதல் நாற்காலியில் உட்காருவேன் என்று இந்தச் சபை முன்னால், அவள் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். முதலாளி அந்த அறையைப் பூட்ட நினைத்தாலும் நான் விட மாட்டேன். அவள் வளர்த்த வகுப்பு நிற்கக் கூடாது. நான் தேறுகிற வரைக்கும் கண்டிப்பாக நிற்கக் கூடாது.

கடைசியாக, அவளைப் பற்றி இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் சாமி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இரங்கல் கூட்டமாயிற்றே என்று யாரும் பார்க்க வேண்டாம். கேக்கம்மா, ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மை பிரதர் வைஃப், ஷீ வாஸ் டீச்...

தட்டிவிட்டீர்கள்.

நல்லது. யாரும் எழுந்திருக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.