நாற்பது லட்சத்தில் ஒன்று

— அதான் மூணு மாசம் முன்னாடியே சொன்னனே மேடம். தகடு சிக்கிக்கிச்சுன்னு மாதேஷ் அந்தத் தகடு அடிக்கிற பிரஸ்ஸுக்குள்ள குனிஞ்சான். ஸ்டாப் பட்டனை அமுக்கல. என்கொயரில எழுதிக் குடுத்தாச்சு. போன உசுரு போயிடுச்சு.

— தெரியும் திம்மப்பன் அண்ணே. அந்த பிரஸ்ஸுக்கு சாஃப்ட்வேர் எழுதின கம்பெனியில நான் இருக்கேன். சுசித்ரா.

— சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்குதுன்னு உங்க ஆளுங்களே வந்து சொல்லிட்டுப் போனாங்களே.

— அவங்க ஓட்டிப் பாத்துச் சொன்னாங்க. நூறு தடவை ஓட்டினா நூறும் சரியா ஓடும். நான் எழுதிப் பாத்தேன். முன்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், நீங்க நின்ன பின்பக்கம் ஒண்ணு. ரெண்டும் சேதி அனுப்பிக்கிட்டுத்தான் பிரஸ்ஸை நடத்துது. அது என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாதுன்னு கணக்கு மாதிரி எழுதிக் குடுத்தா, எந்தச் சேதி முந்தும், எது பிந்தும்னு எல்லா வரிசையையும் ஒண்ணு விடாம ஒரு புரோகிராம் அலசிடும். நாப்பது லட்சம் வரிசை அண்ணே.

— அத்தினியும் பாத்துச்சா?

— பாத்துச்சு. ஒண்ணுல மாட்டிச்சு. முன்பக்கம் ஸ்டாப் அமுக்கியாச்சு, சிவப்பு லைட் எரியுது. அந்தச் சேதி பின்பக்கம் வந்து சேரல. அங்க இன்னும் பச்சை. அங்க நிக்கிறவர் ஸ்டார்ட் அமுக்குறார். பிரஸ் இறங்கிடுது. பதிவு எழுதுறதும் பின்பக்கக் கம்ப்யூட்டர்தான்; சேதி தொலைஞ்சதால, ஸ்டாப் அமுக்கினதுக்குப் பதிவே இல்ல.

— நாப்பது லட்சத்துல ஒண்ணுதானே.

— இதே பிரஸ் சூளகிரியில ஆறு ஓடுது. இன்னிக்கும். காகிதத்துல சரி, நிஜத்துல நடந்துச்சான்னு எங்க மேனேஜர் கேக்குறார். நடக்கலாம்னுதான் என் கணக்கு சொல்லும். நடந்துச்சுன்னு ஒரு ஆள்தான் சொல்லணும்.

— ரஞ்சிதாவைப் பாத்தீங்களா? அவன் பொண்டாட்டி.

— காலையில மூக்கண்டப்பள்ளி போய்ப் பாத்தேன். வீட்டுல கேஸ் சிலிண்டரை மூடிட்டு ரெண்டு தடவை திருகிப் பாப்பாராம் மாதேஷ். அந்த மனுஷனா இவ்வளவு அசட்டையா இருந்தாருன்னு கேட்டாங்க. அங்கிருந்து நேரா உங்ககிட்டதான் வர்றேன்.

— ...ஒண்ணு கேக்குறன் மேடம். உங்க கணக்குல, அந்தப் பின்பக்கத்து ஆளு மேல தப்பு உண்டா?

— இல்ல அண்ணே. அவர் கண்ணுக்குப் பச்சைதான் தெரியும்.

— நெசமாவா?

— அந்த இடத்துல நான் நின்னிருந்தாலும் அமுக்கியிருப்பேன்.

— இதை அன்னிக்கு யாரும் சொல்லலியே மேடம். அமுக்கிட்டு நிமிந்து பாத்தன், அவன் பக்கம் செவப்பு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. நான்தான் கொன்னுட்டன்னு நெனச்சு, எரியலன்னு கையெழுத்துப் போட்டுட்டன்.