பதினோரு மணிக்கு நான் கலங்கரை விளக்கத்தின் மேலே இருந்தேன்

10.10.2024 வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குக் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் சுலோச்சனா அவர்கள் கேட்க, நான் வாயால் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் இருசப்பன். தகப்பனார் பெயர் வேதகிரி, அவர் இப்போது இல்லை. உத்திரமேரூர் வட்டம், புங்கந்தாங்கல் ஊராட்சி, காலனி நடுத்தெருவில், மனைவி அம்முலு, இரண்டு மகன்கள், அவர்கள் குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரே வீட்டில் வசித்து வருகிறோம். விவசாயக் கூலி வேலை. சொந்த நிலம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆதார் அட்டையில் என் வயது எழுபத்திரண்டு என்று இருக்கிறது. அது அட்டை போட வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. எனக்கு எழுபத்தேழு நடக்கிறது. அட்டையில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்று தலைமைக் காவலர் சொன்னார். இரண்டையும் எழுதினால்தான் மேற்கொண்டு வாய் திறப்பேன் என்று நான் சொன்னதால் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது.

காலனியை ஒட்டிய களத்துமேட்டில் ஜல்லிக் கம்பெனிக்காக நட்டிருந்த ஏழு எல்லைக்கற்களை நேற்று 09.10.2024 காலை எட்டு மணிக்கு நான் ஆள் சேர்த்துக்கொண்டு போய்ப் பிடுங்கியதாகப் புகாரில் இருப்பதைப் படித்துக் காட்டினார்கள். கல்லைப் பிடுங்கியது உண்மை. ஆள் சேர்த்தது பொய். ஏன் பிடுங்கினேன் என்று கேட்டதற்கு, எட்டு நாளுக்கு முன்னால் எங்களைச் சென்னை சுற்றிப் பார்க்க அழைத்துப் போனதிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்று சொன்னேன்.

மேற்படி களத்துமேடு ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், புறம்போக்கு. பெரும்புயலில் தாங்கல் ஏரி உடைந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் முள் வெட்டி, மேடு பள்ளம் நிரவி, சாணம் மெழுகிக் களமாக்கினோம். அந்தப் பதினோரு பேரில் நானும் பீட்டரும்தான் மிச்சம். வடக்கே இரட்டைப் பனை, தெற்கே மதகு வாய்க்கால், கிழக்கே எங்கள் தெரு, மேற்கே சடையப்பன் கரும்புத் தோட்டத்து வரப்பு. நெல் அடிக்க இயந்திரம் வந்த பிறகு களம் சும்மா கிடந்ததால், முப்பத்திரண்டு குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு ஆறு வருஷமாக மனு கொடுத்து வருகிறோம். எங்கே போய்க் கேட்டாலும் மனு கோட்டைக்குப் போயிருக்கிறது என்பார்கள்.

அதன் பிறகு இந்த வருஷம் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கிராம சபையில், அந்த இடத்தை ஜல்லிக் கம்பெனி லாரி நிறுத்த விடுவதாகத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் ஊராட்சித் துணைத்தலைவர் தமிழ்வாணன், மேற்படி சடையப்பனின் மகன். அவருடைய லாரிகள் நான்கு அந்தக் கம்பெனிக்கு ஓடுகின்றன. நான் எழுந்து ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றேன். பீட்டரும் எங்கள் தெருக் கிழவி செவ்வந்தியும் எழுந்தார்கள். சபைக்கு வந்திருந்த அதிகாரி, காலனி ஜனங்கள் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் நிற்காது என்று சொல்லித் தள்ளி வைத்துவிட்டார். அதை எங்கள் எதிரில்தான் சொன்னார். தமிழ்வாணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு செப்டம்பர் கடைசியில் தமிழ்வாணன் எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். தேர்தல் இல்லாத காலத்தில் அவர் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"வயசானவங்க எல்லாம் ஒரு நாளு பட்டணத்த சுத்திப் பாத்துட்டு வாங்க. மகாளய அமாவாசை, கடல்ல முழுக்கு போட்டுக்கலாம். பீட்டரு, ஒனக்கு சாந்தோம் கோயிலு. எடத்துக்கு எடம் எடுத்துச் சொல்ல ஒரு பொண்ணு கூட வரும். நாஷ்டா, சாப்பாடு எல்லாம் என்து" என்றார்.

என் மனைவி அம்முலு, "எலக்சன் கூட இல்லியே நைனா, இன்னாத்துக்கு இவ்ளோ பாசம்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. போக ஆசைப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை.

அதன் பிறகு 02.10.2024 அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து தெருமுனைக்கு வந்தது. ஏறுவதற்கு முன் ஊராட்சியில் வேலை செய்கிற ஆள் ஒருவர் அட்டையில் தாள் வைத்துக்கொண்டு படிக்கட்டு அருகில் நின்றார். பேருந்து இன்சூரன்சுக்கு என்று சொல்லி, ஏற ஏற ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார். தாள் அட்டையைவிட நீளம். மேல் பக்கத்தைப் பின்னால் மடித்துக் கிளிப்பு மாட்டியிருந்தார். முதலில் பீட்டர், சிலுவை போட்டுவிட்டுத்தான் தன் பெயரை எழுதுவார். இரண்டாவது நான். மூன்றாவது செவ்வந்தி, அமாவாசைக்கு மஞ்சள் பூசிக் குளித்து வந்திருந்தாள், அவள் ரேகையைச் சுற்றி மஞ்சள் ஒட்டிக்கொண்டது. மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். கடைசியில் ஓட்டுநர் பாண்டியன், ஆள் கணக்குத் தாள் என்றால் தானும் போட வேண்டும் என்று சொல்லித் தன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். அவர் செங்கல்பட்டுக்காரர். அவருக்கு விவரம் தெரியாது, அவர் மேல் குற்றம் இல்லை.

அதன் பிறகு தாம்பரத்தில் பூஜா என்ற பெண் ஏறிக்கொண்டாள். இடங்களைக் காட்டிச் சொல்வது அவள் வேலை. எட்டு மணிக்குச் சாந்தோம் கோயில். தோமா என்கிற சீடருடைய கல்லறை கீழே இருப்பதாகச் சொன்னாள். பீட்டர் உள்ளே முட்டி போட்டவர் எழுந்திருக்க நேரமானது. ஒன்பது மணிக்குக் கடல். என் தகப்பனார், தாயார், அண்ணன் மூன்று பேர் பெயரையும் சொல்லி மூன்று முழுக்குப் போட்டேன். பத்தே காலுக்குக் கலங்கரை விளக்கத்தின் வாசல். வரிசையில் நின்றோம். இந்தக் கட்டடம் எழுபத்தேழாம் வருஷம் திறந்தது என்றும், அதற்கு முன்னால் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது என்றும் பூஜா சொன்னாள். அம்முலு மேலே வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கீயவே கீறேன். நீ மேல போய் ஆண்டவனப் பாத்தீனா பட்டா இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினு வா" என்றாள்.

நாங்கள் பத்துப் பத்துப் பேராக மின்தூக்கியில் ஒன்பதாவது மாடிக்குப் போனோம். நான் கடைசிக் கூட்டத்தில் போனேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முழுக்க வீடு. இத்தனை வீட்டுக்கும் பட்டா கிடைத்திருக்கிறதே என்று பீட்டரிடம் சொன்னேன். அப்போது பூஜா, "தாத்தா, பதினொண்ணு ஆச்சு, கீழ எறங்கலாமா?" என்று கேட்டு, எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, தலை எண்ணி, நேரத்தைத் தன் நோட்டில் எழுதினாள். போகிற இடத்தில் எல்லாம் அப்படி எழுதுவது அவள் வழக்கம். அவளுடைய கைபேசி எண்ணைத் தலைமைக் காவலரிடம் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு பதினொன்றே முக்காலுக்குக் கோட்டை. அதைக் கட்டி முந்நூற்று எண்பது வருஷம் ஆகிறது என்று பூஜா சொன்னாள். கொடிமரத்தைக் காட்டினாள். சட்டசபை இருக்கும் பக்கத்தையும் காட்டினாள். நான் அவளிடம், "ஆறு வருசமா எங்க மனு இங்கதான் கீதுன்னு சொல்றாங்கமா. யார் கைல கீதுன்னு உள்ள போயி ஒரு பேச்சு கேக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு ஆபீஸ் லீவு தாத்தா. காந்தி ஜெயந்தி" என்றாள்.

நான் தமிழ் மாதத்தில் நாள் எண்ணுகிறவன். அன்று புரட்டாசி பதினாறு, அமாவாசை என்று தெரியும். காந்தி ஜெயந்தி என்று தெரியாது. காந்தி ஜெயந்தி என்றால் ஊரில் கிராம சபை. சபைக்கு முன்னால் தண்டோரா வரும், இந்தத் தடவை எங்கள் தெருவுக்கு வரவில்லை. காலனியில் சபைக்குப் போகிறவர்கள் கிழவன் கிழவிகளான நாங்கள்தான், நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் கோட்டை வாசலில் நிற்கிறோம். எனக்குக் காலையில் வைத்த கைநாட்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களுக்கு எங்கள் கை வேண்டும், வாய் வேண்டாம்.

பூஜாவைத் தமிழ்வாணனுக்குப் போன் போடச் சொன்னேன். எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"இன்னா இருசப்பா, பட்டணம் புடிக்கலயா?"

"சபை நடக்குதா இல்லியா, அத்த சொல்லு."

"அது முடிஞ்சிடுச்சி. ஒங்க ஆளுங்கல்லாம் ஒத்துக்கினாங்க."

"எங்க ஆளுங்கல்லாம் இங்க கீறாங்க தமிழ்வாணா."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் பிறந்ததிலிருந்து நான் அவரைச் சின்னவரே என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்று பெயர் சொன்னேன், அவர் என் மேல் புகார் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் பிறகு வண்டியை ஊருக்குத் திருப்பச் சொன்னேன். பாண்டியன், "ஆறு மணிக்கு முன்ன கொண்டாந்து வுடாதன்னு சொல்லிக்கீறாரு பெருசு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். நான் முன் சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். பீட்டர் உட்கார்ந்தார். செவ்வந்தி, "ஏத்து நைனா, அமாவாசைல போனா நல்ல கதிதான்" என்று சொல்லிக்கொண்டே படுத்துவிட்டாள். பூஜா பாண்டியனிடம், "அண்ணா, வண்டிய எடுங்க. யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்" என்றாள். அதன் பிறகுதான் வண்டி கிளம்பியது.

மூன்றரை மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். நேராகச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் உட்கார்ந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு ஜனங்களுக்கு என்று போடும் பாய் சுருட்டினது சுருட்டினபடி மூலையில் நின்றது. அதன் மேல் ஒட்டடை இருந்தது.

அதன் பிறகு 07.10.2024 அன்று பீட்டரின் மகள் ஜெனிஃபர் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, சபைப் புத்தகத்தில் ஒட்டியிருந்த, சபைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து வந்தாள். அவள் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே பார்த்துச் சொன்னேன்.

"மொதல்ல சிலுவ, ஒங்கப்பன். அடுத்தது நானு. மஞ்சளா கீது பாரு, அது செவ்வந்தி. அதுக்குக் கீய அம்முலு."

"படிக்கத் தெரியாதுன்னு சொன்னியே பெரீப்பா?" என்றாள்.

எழுத்துத் தெரியாதுதான். பேருந்தில் ஏறின வரிசை தெரியும். முப்பத்தெட்டும் அதே வரிசையில் இருந்தது. முப்பத்தொன்பதாவது சிவப்பு மை. ஜெனிஃபர் அதைப் படித்துப் பாண்டியன் என்றாள். எங்கள் ஊராட்சியில் பாண்டியன் என்று ஓட்டுரிமை உள்ளவர் ஒருவரும் இல்லை. களத்தை லாரி நிறுத்தக் கொடுக்கச் செங்கல்பட்டுப் பேருந்து ஓட்டுநரும் சம்மதித்திருக்கிறார். சபை பதினோரு மணிக்குக் கூடியது என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பதாகவும் ஜெனிஃபர் சொன்னாள். கைநாட்டு உங்களுடையதுதானே என்று தலைமைக் காவலர் கேட்டதற்கு, கை என்னுடையது, அது வைத்த இடம் அந்தப் புத்தகம் இல்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு எட்டாம் தேதி சாயங்காலம் கல் நட்டார்கள். ஒன்பதாம் தேதி காலை நான் கடப்பாரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். புகாரில் பெயர் உள்ள மற்ற ஐந்து பேரும் தெருவில் நின்று பார்த்தார்கள், பார்ப்பது குற்றம் இல்லை. இந்த வயதில் ஒருவராக ஏழு கல்லையும் எப்படிப் பிடுங்கினீர்கள் என்று தலைமைக் காவலர் கேட்டார். சிமெண்டு காயவில்லை, ஒரு கல்லுக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தேன் என்றேன். ஒரு கல்லையும் உடைக்கவில்லை, ஒளிக்கவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி ஊராட்சி அலுவலக வாசலில் அடுக்கியிருக்கிறேன். போய் எண்ணிக்கொள்ளலாம்.

இன்று காலை இந்த வாக்குமூலம் எழுத உட்காருவதற்கு முன்னால் சடையப்பன் நிலையத்துக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"நாம இன்னும் எத்தினி நாளு இருசப்பா? களத்துப் பக்கம் வர மாட்டேன்னு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ. கேசு வாணாம்னு புள்ளகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"நாள் கம்மியா கீறவன் இன்னாத்துக்கு பயப்படணும்?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுபடி கல் நட்டால் மறுபடி பிடுங்குவேன். இதை எழுதினால் உங்களுக்குத்தான் பாதகம் என்று தலைமைக் காவலர் எடுத்துச் சொன்னார். எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

இது யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னது அல்ல. எழுதினதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னதுதான் இருக்கிறது, எல்லாம் நடந்தது. கடைசி வரிக்குக் கீழே தாளில் நான்கு விரல் அளவு இடம் மிச்சம் இருந்தது. அதில் குறுக்கே கோடு அடித்த பிறகுதான் ரேகை வைப்பேன் என்றேன். அடித்தார்கள். வைத்தேன்.

இருசப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை

என் முன்னிலையில்,
சுலோச்சனா, தலைமைக் காவலர்