கணுக்கால் அளவு கடல்

...சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிச்சா நானும் சிரிச்சிருவேன், அப்புறம் என் கோவமெல்லாம் வீணாப் போயிரும். உங்களுக்கென்ன, ஏணி வச்ச நாற்காலியில உசரமா உக்காந்திருக்கீங்க. கடல்ல முங்குறவங்களத் தூக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? இங்க யாராவது முங்கணும்னா முதல்ல பள்ளம் தோண்டணும். கண்ணுக்கெட்டின தூரம் ஈர மண்ணு. அதோ அந்தக் கோடு, அது கடலா வானமா? ...இருங்க, இருங்க, நான் முடிச்சிடறேன்.

என் ஓரகத்தி வண்டியை விட்டு இறங்கினதும் கேக்கறா, "அக்கா, இன்னைக்குக் கடலுக்கு லீவா?" அவ பொண்ணு வாண்டு, அது ஒரு படி மேல. "பெரியம்மா, கடல யாரு எடுத்துட்டுப் போனா?" என் வீட்டுக்காரர் இருக்காரே, பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சுவிட்டு ஆசையா நின்னவர், பேசாம அதை மறுபடி இறக்கிவிட்டுக்கிட்டார். அதுதான் தம்பி எனக்குத் தாங்கல. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

வருஷா வருஷம் ஓரகத்திதான் பீச் எதுன்னு சொல்லுவா. போட்டோ நல்லா வரணும், அவ்வளவுதான் அவ கணக்கு. போன வருஷம் போன இடத்துல ஆளுயர அலை. எங்க மாமனாருக்கு அப்பதான் முட்டியில ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. வண்டிக்குள்ளயே உக்காந்து கண்ணாடி வழியா கடலைப் பாத்துட்டு வந்தார், பாவம். திரும்பற வழியில மெதுவா, "கால் நனைச்சிருக்கலாம்"னார். யாருக்கும் காதுல விழல. எனக்கு விழுந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வருஷம் இடம் பாக்கறது நான். மாமா காலு கடல்ல பட்டாகணும்.

சொல்லிட்டா போதுமா? ஆளாளுக்கு ஒரு கண்டிஷன். ஓரகத்திக்கு உடுப்பு மாத்தற அறையில தாழ்ப்பாள் சரியா இருக்கணும். கொழுந்தனுக்கு, குளிக்கறப்பவும் வண்டி கண்ணுல படணும், ஆபீஸ் வண்டியாம். எங்க வீட்டுக்காரருக்கு நிழல். வாண்டுக்குக் கல்லு குத்தக் கூடாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட இவ்வளவு கேக்கல, அங்கதான் தப்பு பண்ணிட்டோம்.

நான் கிளினிக்ல டோக்கன் குடுக்கறவ தம்பி. நாலு ஊரு ஜனம் வர்ற இடம். காய்ச்சல், இருமல்னு வர்றவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சேன். ஒரு வாத்தியார் சொன்னார், "இந்தப் பீச்சுக்குப் போங்கம்மா, தண்ணி கணுக்காலைத் தாண்டாது, கைக்குழந்தையை இறக்கி விடலாம்"னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "ஆனா ஒண்ணும்மா"ன்னு மறுபடி ஏதோ ஆரம்பிச்சார். அதுக்குள்ள அவர் நம்பர் வந்திருச்சு, உள்ள தள்ளிவிட்டுட்டேன். என்ன பண்றது? ஆளாளுக்கு முழுசாப் பேச விட்டா எங்க கிளினிக்கைப் பூட்டவே முடியாது.

...இருங்க தம்பி, வர்றேன். அலை வேணாம்னு கேட்டேன், கடலையே எடுத்துட்டாங்க. தாழ்ப்பாள் இருக்கு, நிழல் இருக்கு, வண்டி நிறுத்த மைதானம் மாதிரி இடம் இருக்கு. ஒரு மாப்பிள்ளைக்கு வீடு, வேலை, குணம் எல்லாம் அமைஞ்சு, ஆளைக் காணோம்னா எப்படி?

ஓரகத்தி சிரிச்சுக்கிட்டே, "பரவால்லக்கா, நம்ம பழைய இடத்துக்கே போயிரலாம்"னா. எனக்கு வந்துச்சு பாருங்க! "போங்க, உங்க ஆளுயர அலைக்கே போங்க, நான் வரல"ன்னு கூடையோட இங்க உக்காந்துட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். போயிருவாங்கன்னு யாரு கண்டா? மாமா மட்டும் ஜன்னல்ல கையை ஆட்டினார். இந்த வருஷமும் அவருக்கு அந்தக் கண்ணாடிதான். இனிமே இடம் பாக்கறேன்னு நான் வாயைத் திறக்க முடியுமா, சொல்லுங்க.

சாப்பாடெல்லாம் இந்தக் கூடையிலதான் இருக்கு, அது ஒண்ணுதான் ஆறுதல். பசிக்கட்டும்.

என்ன தம்பி, எதைக் காட்டறீங்க? ...அந்தக் கோடுதானே, அப்பவே பாத்தேன். ...அய்யோ. கிட்ட வருது. மினுமினுன்னு வருதே! என்னது... போற தண்ணி திரும்பி வரும்ங்கறீங்களா? தினமுமா? அதை நான் வந்ததுமே சொல்றதுக்கென்ன? ...சொல்ல வந்தீங்களா? எப்ப? ...ஏணியிலேருந்து இறங்கி வந்தீங்களா? ஆமா... நான்தான், "உங்க முறை வரும்போது பேசலாம், போய் உக்காருங்க"ன்னேன். வாய்ப் பழக்கம் தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க.

இருங்க, போன் போடறேன். ...ஹலோ, எங்க இருக்கீங்க? இன்னும் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்கலையா? நல்லதாப் போச்சு. இங்க தண்ணி வந்திருச்சு. ...வெயில்ல எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, தெளிவாத்தான் பேசறேன். அவகிட்ட வேணாம், மாமாகிட்டக் குடுங்க. ...மாமா, கணுக்கால்தான். நாற்காலியைத் தண்ணியிலயே போட்டுக்கலாம். அலையா? தட்டுல இருக்கற ரசம்கூட இதைவிட அதிகமா ஆடும். சாயங்காலம் வரைக்கும் தண்ணி நிக்குமாம், தம்பி விரலைக் காட்டிச் சொல்லுது.

திரும்பறாங்க! மாமா ஒரு அதட்டுப் போட்டார், இங்க வரைக்கும் கேட்டுச்சு. தம்பி, ஓரகத்தி வந்து கேட்டான்னா, தண்ணி வரும்னு அக்காவுக்கு முதல்லயே தெரியும்னு சொல்லிருங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பொய்யில்ல, கொஞ்சம் முன்னப் பின்ன, அவ்வளவுதான். ...எங்க இறங்கிப் போறீங்க? குளிக்கலாம்னு கொடி ஏத்தவா? சரி சரி, போய் ஏத்துங்க.

கல்யாணமாகி வந்ததுலேருந்து கடல்னாலே எனக்குப் பை காவல்தான். எல்லாரும் குளிச்சு ஏறி வந்து துண்டைக் கேப்பாங்க, எடுத்துக் குடுப்பேன். அதுக்குள்ள கிளம்பற நேரம் ஆயிரும்... அட. தண்ணி வெதுவெதுன்னு இருக்கே. காலுக்கடியில மண்ணு நழுவுது. கூச்சமா இருக்கு தம்பி... போயிட்டீங்களா.

...ஹலோ. ஆங், நான்தான். அதுக்குள்ள பாலம் தாண்டிட்டீங்களா? ஏங்க, பெட்ரோல் போடணும்னீங்களே, போட்டாச்சா? போட்டுட்டே வாங்க. அப்படியே மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, நிதானமாக் குடிக்கட்டும். ...ஒண்ணும் அவசரமில்லைங்க. கடல் எங்க ஓடிப் போயிரப் போகுது?