மில் மூடியிருந்த வருடத்து லேகியம்

பெயர்: ஜோதியம்மாள். வயது: 40. கணவர் பெயர்: சடையன். தொழில்: கடலை மில்லில் பருப்பு பொறுக்கும் கூலி வேலை. விலாசம்: அடி அண்ணாமலை கிராமம், திருவண்ணாமலை வட்டம், வட ஆற்காடு மாவட்டம். 1983-ஆம் வருடம் அக்டோபர் மாதத்தில் அரசு மருத்துவமனையில் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். ஒரே மகள், கட்டிக்கொடுத்து கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். நானும் என் கணவரும் ஒரே கடலை மில்லில் வேலை பார்த்தோம். அவர் மூட்டை தூக்குபவர். லோடு ஜாஸ்தியாக வரும் நாட்களில் உடம்பு வலிக்கிறது என்று வேலை முடிந்ததும் கஞ்சா பீடி இழுப்பார். இழுத்தாலும் சாப்பிட்டுத் தூங்கி மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார். போன வருடம் மழை இல்லாமல் கடலைச் செடி காய் பிடிக்காமலே காய்ந்துபோனதால் மில்லை மூடிவிட்டார்கள். கூலி இல்லை என்றால் இந்தப் பழக்கமாவது நிற்கும் என்று என் மகளிடம் சொன்னேன். ஆனால் அப்படி நடக்கவில்லை.

செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ராமதாஸ் என்பவர், வேலை இல்லாமல் நின்ற மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டு, ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கஞ்சாப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அதற்குக் கூலியாகக் காசு தராமல், கஞ்சா சேர்த்துச் செய்த லேகிய உருண்டை தந்தார். என் கணவரும் அவருடன் மூட்டை தூக்கிய கவுஸ் பாஷாவும் அப்படிப் போனார்கள். உருண்டையில் வாடை இல்லாததால் எனக்கு முதலில் தெரியவில்லை. பிறகு அவர் பேச்சு குழறியதையும், சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நின்றதையும், பட்டப்பகலில் ஏரிக்கரையில் விழுந்து கிடந்ததையும் பார்த்தேன். கேட்டதற்கு, பசி தெரியவில்லை, அதனால் தின்கிறேன் என்றார். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை.

இந்த வருடம் மழை பெய்து புதுக் கடலை வந்ததால் மில்லைத் திறப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். மில் திறக்கும் அன்று காலையில் வேலைக்குப் போக அவரை எழுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதடு நீலமாக இருந்தது. அதன் பிறகு நான் ரோட்டுக்கு ஓடி, கடலைக்கொடி ஏற்றி வந்த மாட்டு வண்டியை மறித்து, கொடியின் மேல் அவரைப் படுக்க வைத்து இந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். டாக்டரம்மா, இவர் என்ன தின்றார் என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும் என்று சொன்னார். எனக்கு லேகியம் என்பதைத் தவிர வேறு தெரியாது.

அதன் பிறகு நான் மில்லுக்கு ஓடினேன். கவுஸ் பாஷா முதல் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னை மில்லின் பின்பக்கம் கூட்டிப்போனார். கஞ்சா இலை கம்மியாகவும் தூக்க மாத்திரைத் தூள் ஜாஸ்தியாகவும் போட்டு வெல்லத்தில் பிசைந்த உருண்டை அது என்றும், மாத்திரையை இடித்துக் கொடுத்தது தான்தான் என்றும் சொன்னார். மில் திறந்தால் பொட்டலம் கொண்டுபோக ஆட்கள் வரமாட்டார்கள், போதை ஏறினால்தான் தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று ராமதாஸ் முந்தின நாள் தூளை இன்னும் ஏற்றிப் போடச் சொன்னதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லக் கூப்பிட்டபோது அவர் வர மறுத்தார்.

“நான் வந்து சொன்னா என்னையும் உள்ள வச்சிடுவாங்க, அண்ணி” என்றார்.

“ஜெயிலுக்குன்னா சோறு எடுத்துனு வந்து பாக்கலாம். சுடுகாட்டுக்கு என்னாத்த எடுத்துனு போறது?” என்று நான் கேட்டேன்.

அவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குப் போய்க் காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் என்னை வெளியே நிற்கச் சொல்லி, குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, மூச்சுக்கு வழி செய்தார். கவுஸ் பாஷா போய்விடாமல் என்னுடன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என் கணவர் கண் திறந்து, நான் யார் என்று தெரிந்துகொண்டார். போலீஸ் வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

“எதயும் மறைக்காத. நான் பொட்டலம் கொண்டுபோனதயும் சொல்லிடு” என்றார்.

அதனால் அதையும் சொல்லியிருக்கிறேன். கவுஸ் பாஷா பயத்தை விட்டு வந்து சொல்லியிருக்காவிட்டால் என் கணவர் இன்று இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். என் கணவர், கவுஸ் பாஷா இருவரையும் குற்றவாளிகளாக வைக்காமல் சாட்சிகளாகச் சேர்க்க மேலிடத்துக்கு எழுதுவதாக விசாரணை அதிகாரி சொன்னார். ராமதாஸைப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார். என் கணவர் உடம்பு தேறி வந்தால் வேலை உண்டு என்று மில்லிலிருந்தும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, உப்பு கம்மியாக இருக்கிறது என்றார். ருசியைப் பற்றி அவர் பேசி ஒரு வருடம் ஆகிறது. நான் உப்பு வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்து, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு, பிறகுதான் கடைக்குப் போனேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது. எவரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னதல்ல, அத்தனையும் நடந்தது.

ஜோதியம்மாள், இடது பெருவிரல் ரேகை.