அவள் அறைக்குப் போன கூண்டு

புதுப் பறவை வாங்கி வருகிற பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வந்த கையோடு அதைப் பழைய கூண்டில் விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. புதியது சில வாரங்கள் வேறு அறையில், தனிக் கூண்டில், தனித் தட்டோடு இருக்க வேண்டும். பழைய பறவைகளுக்கு இரை வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். கை கழுவாமல் திரும்பக் கூடாது. நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில் கூண்டுகளை வைத்து, மெல்ல மெல்லக் கிட்டே நகர்த்தலாம். இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒரு பறவைகூட இன்னொன்றிடமிருந்து தொற்று வந்து செத்ததில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

நான் வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அவன் கொஞ்சம் தலையெடுக்கட்டும் என்று எனக்கு வந்த வரன்களைத் தள்ளிப்போட்டேன். அவன் தலையெடுத்தான். அதற்குள் வரன் வருவது நின்றுபோயிருந்தது. பறவைகள் வந்தன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நாற்பதை நெருங்குகிற வயதில் அவன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஓர் அலுவலகத்தில் வரவேற்பில் வேலை பார்த்தவள். பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்டவளை இவன்தான் கதவைத் திறந்து வெளியே எடுத்தானாம். இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவள் நல்லவள். சமையலறையில் ஒரு டப்பாவை இடம் மாற்றுவதென்றாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவாள். கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். என் தோளைவிட்டு இறங்காத பச்சைக் கிளி ஒன்று உண்டு. மிளகாய் என்று கூப்பிடுவோம். ஒருநாள் அது அவள் தோளில் போய் உட்கார்ந்தது.

"உங்ககிட்ட ஏதோ கோவிச்சுக்கிட்டு வந்திருக்கு அக்கா. நீங்க ஒரு தடவை கூப்பிட்டா வந்துடும்" என்றாள்.

கூப்பிட்டேன். வரவில்லை.

அவள் உண்டாகியிருந்த சமயத்தில்தான் அந்தப் பறவையை வாங்கினேன். இரை வாங்கப் போன கடையில் ஒரு மூலையில் இறகை உப்பவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொண்டை வைத்த சின்னச் சாம்பல் கிளி. கண்ணோரம் ஈரம். "அது வேணாம்மா, சீக்கு மாதிரி தெரியுது. வேற எடுத்துக்கங்க" என்று கடைக்காரரே சொன்னார். பாவமாக இருந்தது. நம்புங்கள், அன்றைக்குப் பாவம் மட்டும்தான் இருந்தது. கொண்டுவந்து, பழைய சாமான் போட்டு வைக்கிற பின்னறையில் தனியாக வைத்தேன். பறவை டாக்டரிடம் காட்டினேன். எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வருவதற்குள் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே தம்பி சொன்னான்: "அக்கா, பறவை இருக்கற ரூமை குழந்தைக்கு ஆக்கிடலாம்னு பாக்கறேன். கூண்டையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏத்திடலாமா?"

வாயில் சோறு இருந்தது. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள்தான் அவன் கையைத் தட்டினாள். "பேசாம இருங்க. அக்காவுக்கு மனசு கஷ்டமா இருக்கும். நம்ம ரூம்லயே தொட்டில் கட்டிக்கலாம்" என்றாள். அவன் சொன்னதை நான் அன்று சாயங்காலமே மன்னித்துவிட்டேன். அவள் சொன்னதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. என் வீட்டில் எனக்கு இடம் விடச் சொல்லி அவள் சிபாரிசு செய்கிறாள்.

பறவை டாக்டர் போனில் கூப்பிட்டார். அது கிளிக் காய்ச்சல் என்றார். எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் மனிதர்களுக்கும் நெஞ்சில் இறங்கும் என்றார். மருந்து தருவதாகவும், முகத்தை மூடிக்கொண்டுதான் கூண்டைத் துடைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"வீட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்களா? இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க."

"இல்ல டாக்டர். நானும் தம்பியும்தான் இருக்கோம்."

யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. சொல்லி முடித்ததும் மனம் அப்படி லேசாகிவிட்டது.

மருந்தை வாங்கி வந்தேன். தண்ணீரில் கலக்கவில்லை. கூண்டை எடுத்துக்கொண்டுபோய் அவள் அறையில் ஜன்னலோரம் வைத்தேன். "பின்னறையில குளிருது, பாவம். நீ கொஞ்சம் பாத்துக்கறியா?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. என் பறவையை நம்பிக் கொடுத்துவிட்டேனாம். உள்ளங்கையில் தானியத்தை வைத்து ஊட்டினாள். தினமும் தன் கையாலேயே கூண்டைப் பெருக்கினாள். தம்பி அப்போது வெளியூர் வேலையில் இருந்தான். அவன் ஊரில் இருந்திருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

காய்ச்சல் வந்தது. பிறகு இருமல். மூச்சு வாங்கியது. கிளி அதற்கு முன்பே செத்துவிட்டது. சொன்னால் வருத்தப்படுவாள் என்று, அவள் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டு, பறந்துபோய்விட்டதாகச் சொன்னேன். தம்பி அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் கெட்டிக்காரி. வீட்டில் பறவை உண்டா, எதற்காவது நோய் உண்டா என்று சரியாகக் கேட்டாள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே சரியான மருந்தைக் கொடுத்திருப்பார்களாம். நீங்கள்தான் இதை எனக்குச் சொன்னீர்கள். எனக்கு முன்பே தெரியும். பறவை டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

முதலில் வயிற்றில் இருந்தது போனது. பிறகு அவள். கடைசியாக நினைவு இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைப் பாத்துக்கங்க அக்கா" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கிளி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் பறவை டாக்டர் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தம்பி எடுத்துப் பேசினான். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்துபோய்க் கூண்டுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். பிறகு உங்களைக் கூப்பிட்டான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அவன் இங்கே வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனானாம். காவலுக்கு நிற்கிற போலீஸ்கார அம்மா சொன்னார்கள். சட்டைகூட மாற்றாமல், ஆள் பாதியாக இளைத்திருந்தானாம். உள்ளே கூப்பிட்டதற்கு, "அந்த முகத்தைப் பாக்க மாட்டேன்" என்றானாம். கோபம் இருக்கத்தான் செய்யும். தணிந்ததும் வருவான். பாவம், இனி என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.